200 மீட்டர் டிராக்: ஆறாவது லேன் மட்டும் ஏன் முன்னாடி போகுது?

#1 கோடும்கயிறும்

வணக்கம். உயர்நிலைப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு 200 மீட்டர் மண் டிராக் போடணும். மைதானம் 98 மீட்டர் நீளம், 58 மீட்டர் அகலம். ஆறு லேன் வேணும். மூணு சந்தேகம்.

ஒண்ணு, ஆரம் கணக்குப் போடும்போது உள்கோட்டிலிருந்து 30 செ.மீ சேர்க்கணுமா, 20 செ.மீ சேர்க்கணுமா? ரெண்டு, ஸ்டேகர் (வெளி லேன்களோட தொடக்கக் கோட்டை முன்னால தள்ளுற தூரம்) லேனுக்கு 7.04 மீட்டரா, 7.67 மீட்டரா? ரெண்டு எண்ணுமே புழக்கத்துல இருக்கு. மூணு, டேப்பை இழுத்துப் பிடிச்சு ஸ்டேகர் அளந்து போட்டா 200 மீட்டர் ஓட்டத்துல வெளி லேன் பிள்ளைங்கதான் வரிசையா ஜெயிக்கிறாங்க. தப்பு எங்க வருது?

#2 தடம்பார்ப்பவர்

முதல் சந்தேகம் தீர்ந்தால் மற்ற இரண்டும் தானாகத் தீரும்.

உள்விளிம்பில் 5 செ.மீ உயரத்துக்குத் திண்டு (கெர்ப்) இருந்தால் ஓடுகிறவர் கால் இடறாமல் சற்றுத் தள்ளி ஓடுவார். அதனால் 30 செ.மீ. வெறும் சுண்ணாம்புக் கோடு என்றால் 20 செ.மீ. பள்ளி மைதானத்தில் திண்டு கிடையாது. எனவே உங்களுக்கு 20 செ.மீ மட்டுமே. திண்டு இல்லாத டிராக்கில் 30 செ.மீ கணக்கைப் போட்டால் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ குறைந்துவிடும். 1500 மீட்டரில் ஏழரைச் சுற்று, அதாவது 4.7 மீட்டர் குறைவு. ஐந்து நிமிடத்தில் ஓடும் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியை நம்பி குறுவட்டப் போட்டிக்கு (பல பள்ளிகள் சேர்ந்த வட்டார அளவுப் போட்டி) போகிற பிள்ளை அங்கே ஏமாந்து நிற்கும்.

உங்கள் மைதானத்துக்கு நேர்ப்பகுதி 40 மீட்டர் வைக்கலாம். இரண்டு நேர்ப்பகுதி 80, மீதி 120 மீட்டர் இரண்டு வளைவுக்கும். 120-ஐ 2π-ஆல் வகுத்தால் 19.10. இது ஓடும் பாதையின் ஆரம். இதில் 20 செ.மீ கழித்தால் 18.90. கம்பி பிடித்துக் கோடு போட வேண்டிய ஆரம் இதுதான். ஆறு லேனுக்கு 7.32 சேர்த்தால் மொத்த நீளம் 92.44, அகலம் 52.44. சுற்றிலும் 2.78 மீட்டர் மிச்சம் இருக்கிறது. அதில் பார்வையாளர் கயிறு கட்டலாம், அதற்கு மேல் எதையும் நுழைக்காதீர்கள்.

போடும் முறை: மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு முளை. ஒவ்வொரு முளையிலிருந்தும் செங்குத்தாக இருபுறமும் 18.90 மீட்டர். செங்கோணத்துக்கு 3-4-5 போதாது, 6-8-10 மீட்டராக எடுங்கள். சிறிய முக்கோணத்தில் வரும் ஒரு செ.மீ பிழை 18.90 போய்ச் சேரும்போது ஆறு செ.மீ ஆகிவிடும். நான்கு மூலையும் கிடைத்ததும் குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் 55.03 வர வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று 2 செ.மீ-க்கு மேல் வித்தியாசப்பட்டால் கோடு போடத் தொடங்காதீர்கள்.

வளைவுக்கு நைலான் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். ஜி.ஐ. கம்பி ஒன்றில் 18.90, 20.12, 21.34, 22.56, 23.78, 25.00, 26.22 என ஏழு இடத்தில் பெயின்ட் அடையாளம் வைத்துக்கொண்டால் ஏழு கோட்டுக்கும் ஒரே கம்பி போதும். முளையில் கம்பியைச் சுற்றிக் கட்டக் கூடாது, தளர்வான வளையமாகப் போட வேண்டும். சுற்றிக் கட்டினால் நடக்க நடக்கக் கம்பி முளையில் சுருண்டு ஆரம் குறைந்துகொண்டே போகும்.

இன்னொன்று, பலரும் கேட்காமல் விடுவது: 5 செ.மீ அகலக் கோடு கம்பிக்கு உள்ளேயா வெளியேயா? ஏழு கோட்டுக்கும் உள்ளே. மேலே உள்ள ஆரம் எல்லாம் கோட்டின் வெளி விளிம்புக்கு. 1.22 மீட்டர் லேன் அகலத்தில் அதன் வலப்பக்கக் கோடும் அடக்கம்.

முடித்தபின் உள்கோட்டின் வெளி விளிம்பை ஒட்டி அளவுச் சக்கரம் உருட்டுங்கள். 198.74 வந்தால் டிராக் சரி.

#3 கணக்கு வாத்தியார்

தடம்பார்ப்பவர் சொன்ன ஆரத்தையே எடுத்து மூணாவது கேள்விக்கு வர்றேன்.

ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்டேகர் 2 × π × 1.22 = 7.67 மீட்டர். இதுல டிராக்கோட ஆரமே வராததைக் கவனிங்க. 200 மீட்டர் டிராக்கா இருந்தாலும் 400 மீட்டர் டிராக்கா இருந்தாலும் ஒரு சுற்றுக்கு லேன் அகலம்தான் கணக்கு. 7.04 எங்கிருந்து வந்துச்சுன்னா, திண்டு இருக்கிற டிராக்ல முதல் லேனை மட்டும் 30-லயும் மத்த லேன்களை 20-லயும் அளக்கிறதால ரெண்டாவது லேனுக்கு 10 செ.மீ ஆரம் குறையுது. அதனால 7.04, அப்புறம் 14.70, 22.37. உங்களுக்குத் திண்டு இல்லை, அதனால 7.67, 15.33, 23.00, 30.66, 38.33.

இப்ப தப்பு வர்ற இடம். இந்த எண்ணெல்லாம் வளைவு வழியா ஓடுற தூரம். டேப்பை நேரா இழுத்தா அது வளைவைக் குறுக்கா வெட்டிப் போகுது, அதாவது நாண். ஆறாவது லேன்ல 38.33-ஐ நேர் டேப்புல வெச்சீங்கன்னா அந்தப் பிள்ளை 5.7 மீட்டர் கம்மியா ஓடும்! ரெண்டாவது லேன்ல 12 செ.மீ-தான் தப்பும். வெளிய போகப் போக வேகமா பெருகும். நீங்க கேட்ட "வரிசையா ஜெயிக்கிறது" இதுதான்.

தீர்வு: நேர் டேப்புலயே அளக்கலாம், ஆனா நாண் நீளத்தை வெச்சு. முடிவுக்கோடு நேர்ப்பகுதி முடிஞ்சு முதல் வளைவு தொடங்கும் இடத்துல இருக்குன்னு வெச்சுக்கிறேன். அந்தக் கோடும் அந்தந்த லேனோட உள்கோட்டின் வெளி விளிம்பும் வெட்டுற புள்ளியில டேப்போட பூஜ்யம். அதே விளிம்புல அடுத்த முனை:

லேன் 2: 7.55 மீ
லேன் 3: 14.87 மீ
லேன் 4: 21.84 மீ
லேன் 5: 28.38 மீ
லேன் 6: 34.46 மீ

இது 18.90 ஆரம், 1.22 லேன், 20 செ.மீ கணக்குக்கு மட்டும். ஆரம் மாறினா நாண் மாறும். வேற டிராக்குக்கு வேணும்னா: லேனோட ஸ்டேகரை அந்த லேனோட ஓடும் ஆரத்தால வகுங்க, கோணம் ரேடியன்ல கிடைக்கும். அதுல பாதிக்கு சைன் எடுத்து, உள்கோட்டு ஆரத்தோட ரெண்டு மடங்கால பெருக்குங்க. கால்குலேட்டர் ரேடியன்ல இருக்கான்னு பார்த்துக்கங்க, டிகிரில இருந்தா எண்ணே விளங்காது.

தொடக்கக் கோட்டை அந்தப் புள்ளியிலிருந்து மைய முளையை நோக்கின திசையில போடணும். கண்ணளவா "லேனுக்குக் குறுக்கே" போட்டா சாய்ஞ்சிடும். முளையில கயிறு கட்டி அந்தப் புள்ளி வழியா இழுத்தா சரியா வரும்.

#4 கோடும்கயிறும்

ரொம்பத் தெளிவு சார். தொடக்கக் கோட்டோட எந்த விளிம்பிலிருந்து அளக்கணும்?

#5 கணக்கு வாத்தியார்

தொடக்கக் கோட்டோட பின் விளிம்பிலிருந்து முடிவுக்கோட்டோட முன் விளிம்பு வரைக்கும். அதாவது தொடக்கக் கோட்டின் அகலம் ஓடும் தூரத்துக்குள்ள அடங்கும், முடிவுக்கோட்டின் அகலம் அடங்காது.

#6 யாழ்மைதானம்

இங்கே இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் (தடகள) போட்டிக்கு இதே 200 மீற்றர் அளவுதான் கனக்கப் பாடசாலையளில போடுறவை. இரண்டு விசயம் சேர்க்கிறன்.

கோடு போடுற தூளுக்குச் சுட்ட சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்டால் கொதிக்கும், கண்ணில பட்டால் பார்வைக்கே ஆபத்து, விழுந்த பிள்ளையின்ர முழங்கால் காயத்தில பட்டாலும் புண்ணாகும். வெள்ளைக் கல்லுத் தூள் அல்லது சோக் தூள் பாவியுங்கோ. ஆறு சுவடுக்கு (லேனுக்கு) ஏழு கோடு, மொத்தம் 1,550 மீற்றருக்குக் கிட்ட வரும். 5 செ.மீ அகலம், ஒரு மி.மீ தடிப்பு எண்டால் 78 லீற்றர் தூள் வேணும். 25 கிலோ மூட்டை நாலு எடுத்து வைச்சால் தட்டுப்பாடு வராது.

கோடு கீறும் வண்டி இல்லாட்டி இரண்டு மரச்சட்டத்தை 5 செ.மீ இடைவெளியில சிறு கட்டை வைச்சு ஆணி அடிச்சு, அந்த இடைவெளியில தூளைத் தூவி, சட்டத்தை நேர மேல தூக்கினால் விளிம்பு சீராக நிக்கும். பக்கவாட்டில இழுத்தால் கலைஞ்சு போகும். வளைவுக்குச் சட்டம் ஒரு மீற்றருக்கு மேல நீளமாக இருக்கக் கூடாது. முதல் நாள் பின்னேரம் நிலத்துக்குத் தண்ணி தெளிச்சு, ஈரம் இருக்கேக்கையே தூவினால் காத்துக்குப் பறக்காது.

அஞ்சலோட்டத்துக்கு 4×100 மாற்று வலயம் எப்பிடிப் போடுறது எண்டு தெளிவாக ஆராவது எழுதினால் நல்லம். 200 மீற்றர் தடத்தில இரண்டு சுற்று வாறதால குழப்பம்.

#7 தடம்பார்ப்பவர்

நல்ல கேள்வி. முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணினால் குழப்பம் வராது. ஒரு வளைவுக்கு லேனுக்கு 3.83 மீட்டர் ஸ்டேகர். கடைசி ஆளுக்கு மீதி ஒரு வளைவு, அதனால் மூன்றாம் மாற்றம் லேனுக்கு 3.83. இரண்டாம் மாற்றம் 7.67. முதல் மாற்றம் 11.50. தொடக்கம் 15.33. நான்கு லேன் ஓடவிட்டால் நான்காவது லேனின் தொடக்கம் 46 மீட்டர் முன்னால் நிற்கும். ஆறு லேனிலும் விட்டால் அது 76.65, பார்க்கிற பெற்றோருக்கும் புரியாது, நடுவருக்கும் சிரமம். இரண்டு தனித்தனி ஓட்டமாகப் பிரித்து நான்கு நான்கு அணியாக விடுவதே மேல். இங்கே எல்லா எண்ணும் வளைவுத் தூரம், நேர் டேப்பில் வைக்கக் கூடாது. நாண் கணக்கு மேலே #3-ல் இருக்கிறது.

குழப்பம் வரும் இடம் ஒன்றுதான். முதல் மாற்றமும் மூன்றாம் மாற்றமும் எதிர்ப்பக்க நேர்ப்பகுதி முடியும் இடத்தில்தான். முதல் லேனில் இரண்டும் ஒரே புள்ளி, மற்ற லேன்களில் தள்ளித் தள்ளி. ஒரே வெள்ளைத் தூளில் இரண்டையும் போட்டால் நான்காவது ஆள் தப்பான கட்டத்தில் நிற்பார். முதல் மாற்றத்துக்கு நீலம், மூன்றாவதுக்குச் சிவப்பு என்று கோலப்பொடி கலந்துகொள்ளுங்கள்.

வலயம் இப்போது 30 மீட்டர். நூறு மீட்டர் புள்ளிக்கு முன்னால் 20, பின்னால் 10. பழைய 20 மீட்டர் வலயமும் 10 மீட்டர் முன்னோட்டமும் தனித்தனியாக இருந்த விதி மாறி சில ஆண்டுகள் ஆயிற்று. இன்னும் பழையபடி கோடு போடுகிற இடம் உண்டு, அங்கே பழகிய பிள்ளை வெளிப்போட்டியில் தடுமாறும். வலயத்துக்குள் இருக்க வேண்டியது குச்சி, ஆளின் கால் அல்ல. குச்சி விழுந்தால் யார் கைதவறியதோ அவரே எடுக்க வேண்டும்.

குச்சிக்கு: 40 மி.மீ பி.வி.சி. குழாயை 29 செ.மீ நீளத்தில் அறுத்து, இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்தால் நீளமும் எடையும் விதிக்குள் வரும்.

#8 நிறுத்துகடிகாரம்

கோடு சரியாப் போட்டுட்டு நேரத்தைக் கோட்டை விடுறதுதான் அதிகம் நடக்குது, அதனால இது.

நேரம் எடுப்பவர் துப்பாக்கி அல்லது கட்டையோட சத்தத்துக்கு அழுத்தக் கூடாது. புகையை, இல்லாட்டி கட்டை ஒண்ணோடொண்ணு மோதுறதைக் கண்ணால பார்த்து அழுத்தணும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகுது. 80 மீட்டர் நேர் ஓட்டத்துல முடிவுக்கோட்டுக்குச் சத்தம் வர 0.24 விநாடி ஆகும். சத்தத்துக்கு அழுத்தினா ஒவ்வொரு பிள்ளைக்கும் கால் விநாடி இலவசம்.

கைக்கடிகார நேரத்தை நூறில் ஒரு பங்கு வரைக்கும் எழுதாதீங்க. அடுத்த பத்தில் ஒன்றுக்கு ஏத்தணும். 27.32 காட்டினா 27.4. 27.30 காட்டினா 27.3. ஒரு லேனுக்கு மூணு கடிகாரம் இருந்தா, ரெண்டு ஒத்துப்போனா அதுதான். மூணும் வேறன்னா நடுவுல உள்ளது. ரெண்டே கடிகாரம்னா மெதுவானது.

முடிவுக்கோட்டுல பார்க்க வேண்டியது உடற்பகுதி, கழுத்துக்குக் கீழ இடுப்புக்கு மேல. நீட்டின கையும் தலையும் கணக்கில்லை. நடுவர்கள் கோட்டோட நேர்கோட்டுல, தடத்திலிருந்து அஞ்சு மீட்டராவது தள்ளி, படிபோல உயரமான இடத்துல நிக்கணும். கோட்டுப் பக்கத்துலயே நின்னா முதல் லேன் பிள்ளை பின்னால உள்ளவரை மறைச்சிடும்.

#9 மணல்குழி

ஓட்டம் பற்றி நல்லா வந்திருக்கு. நீளம் தாண்டுதலும் குண்டு எறிதலும் அதே கவனத்தோட போட வேண்டியவை.

நீளம் தாண்டுதல் குழி 2.75 முதல் 3 மீட்டர் அகலம். பலகை குழியின் விளிம்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி. பலகையிலிருந்து குழியின் கடைசி வரைக்கும் 10 மீட்டராவது இருக்கணும். மணல் ஆத்து மணல், கல் சலிச்சது. கட்டட எம்-சாண்ட் வேண்டாம், அதோட கூர்முனை தோலைக் கிழிக்கும். காலையில ஒரு முறை 30 செ.மீ ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, தண்ணி தெளிச்சு, பலகை மட்டத்துக்குச் சமப்படுத்துங்க. மணல் காய்ஞ்சிருந்தா கால் தடத்தோட விளிம்பு சரிஞ்சு அளவு குறையும்.

அளக்கும்போது டேப்போட பூஜ்யம் மணல் தடத்துல, படிக்கிற பக்கம் பலகைல. தடங்கள்ல பலகைக்கு மிக அருகே உள்ளது எதுவோ அதுதான். கை பின்னால ஊன்றியிருந்தா கைத் தடம். டேப் பலகைக் கோட்டுக்குச் செங்குத்தா வரணும், ஓடிவந்த திசைக்கு இல்லை. செ.மீ-க்குக் கீழ வர்றதை விட்டுடுங்க, ஏத்தக் கூடாது. தவறு பார்க்கிறதுக்கு விதி 2021 நவம்பர் முதல் மாறியிருக்கு. களிமண்ல தடம் விழுந்துச்சான்னு பார்க்காம, காலணி முனை பலகைக் கோட்டோட செங்குத்துத் தளத்தைத் தாண்டிச்சான்னு பார்க்கணும். நடுவர் பலகையோட பக்கவாட்டுல உட்கார்ந்து பார்த்தாதான் தெரியும், நின்னு பார்த்தா தெரியாது.

குண்டு வட்டம் 2.135 மீட்டர் விட்டம், உள் விளிம்பிலிருந்து அளவு, டேப் வட்டத்தின் மையத்து வழியா போகணும். எறிபகுதிக் கோணம் 34.92 டிகிரின்னு விதி சொல்லும். கோணமானி தேடாதீங்க. மையத்திலிருந்து ரெண்டு பக்கக் கோட்டிலயும் 10 மீட்டர் போங்க, அந்த ரெண்டு முனைக்கும் இடையே சரியா 6 மீட்டர் வந்தா அதே கோணம். 20 மீட்டர்ல 12. எறிபகுதியை டிராக்கோட உள்பக்கம் வைக்கிறவங்க, ஓட்டம் நடக்கும்போது குண்டு எறியவே கூடாது. நேர அட்டவணையிலயே ரெண்டையும் பிரிச்சு வைங்க.

#10 கோடும்கயிறும்

நன்றி. ரெண்டு பாக்கி. 98 மீட்டர் மைதானத்துல 100 மீட்டர் நேர் ஓட்டம் வைக்க வழியுண்டா? 1500, 800-க்குத் தொடக்கம் எங்க?

#11 தடம்பார்ப்பவர்

100 நேர் ஓட்டம் வேண்டாம். மூலைக்கு மூலை 113.9 மீட்டர் இருக்கிறது என்று சிலர் குறுக்கே போடுவார்கள். ஆறு லேன் அகலத்தை மூலைக்குள் நுழைத்தால் வெளி லேன் பிள்ளைக்கு நிற்க இடமிருக்காது, சுவரில் மோதும். நேர்ப்பகுதியின் லேன்களையே இருபுறமும் நீட்டி 80 மீட்டர் வையுங்கள். 3 மீட்டர் தொடக்கத்துக்குப் பின், 80 ஓட்டம், 15 நின்று அடங்க. 98 சரியாகப் போகும். அப்போது 80-க்கான முடிவுக்கோடு பொது முடிவுக்கோட்டைத் தாண்டி 14 மீட்டர் முன்னால் வரும், தனி நிறத்தில் போடுங்கள். வளைவில் அரைச் சுற்று ஓடவிட்டு அதை "100 மீட்டர்" என்று பதிவேட்டில் எழுதுவது கூடவே கூடாது. 19 மீட்டர் ஆர வளைவில் விநாடிக்கு 8 மீட்டர் ஓடும் பிள்ளையின் கால் மேல் பக்கவாட்டில் விழும் இழுப்பு புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்தை நேர் ஓட்டத்தோடு ஒப்பிட முடியாது.

800 நான்கு சுற்று, தொடக்கமும் முடிவும் ஒரே கோடு. 1500 ஏழரைச் சுற்று, தொடக்கம் எதிர்ப்பக்க நேர்ப்பகுதி முடியும் இடம். இரண்டுமே வளைவின் வாயில் தொடங்குவதால் கோடு நேராக இருந்தால் வெளியில் நிற்பவர் அதிகம் ஓடுவார். வளைகோடு போட வேண்டும்: உள்கோட்டிலிருந்து 20 செ.மீ தள்ளி வளைவு நெடுகிலும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஆணி, 18 மீட்டர் தூரத்துக்கு. கடைசி ஆணியில் கம்பியைக் கட்டி, ஆணிகளின் வெளிப்புறமாகத் தொடக்கப் புள்ளி வரை இழுத்து வாருங்கள். பிறகு கம்பி விறைப்பு குறையாமல் முனையை வெளிப்பக்கம் நகர்த்தினால் கம்பி ஆணிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரியும். முனை போகும் வழிதான் தொடக்கக் கோடு. போட்டதும் ஆணிகளை எண்ணி எடுத்துவிடுங்கள், அடித்த எண்ணிக்கை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

400-ஐ முழுதும் லேனில் விடாமல், முதல் சுற்று மட்டும் லேனில் விட்டு முடிவுக்கோட்டுக்கு அப்பால் உள்ளே சேரவிடலாம் என்று சிலர் கேட்பார்கள். அது வளைவின் வாயில் நெரிசலாகும். முதல் இரண்டு வளைவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் சேரவிடுங்கள், 40 மீட்டர் கிடைக்கும். ஆறாவது லேன் ஆள் குறுக்கே வருவதில் 46 செ.மீ கூடுதலாக ஓடுவார், ஐந்தாவது 30, நான்காவது 17, மூன்றாவது 7, இரண்டாவது 2. அந்த அளவுக்குத் தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளுங்கள்.

#12 குறுவட்டம்

பதிவேடு பற்றி ஒரு வார்த்தை. தேர்வான பிள்ளை பேருக்கு எதிரே நேரத்தை மட்டும் எழுதாம "200 மீ மண் டிராக், லேன் 4, கைக்கடிகாரம்" என்று சேர்த்து எழுதுங்க. குறுவட்டத்துல 400 மீட்டர் டிராக்ல ஓடின நேரத்தோட ஒப்பிடும்போது வித்தியாசம் ஏன்னு தெரியும். 14, 17, 19 வயதுப் பிரிவைப் பிறப்புச் சான்றிதழ்ப்படி விழாவுக்கு முன்பே பிரிச்சு வைங்க. எமிஸ் (கல்வித் துறையோட மாணவர் தகவல் தளம்) பதிவில் உள்ள பிறந்த தேதியும் சான்றிதழும் ஒத்துப்போகுதான்னு அப்பவே பார்த்தாத்தான் திருத்த நேரம் இருக்கும். ஜெயிச்சபிறகு தேதி ஒத்துப்போகலைன்னு தெரிஞ்சா பிள்ளைக்கு அந்த இடம் போயிடும்.

#13 யாழ்மைதானம்

சேர், முளையளை என்ன செய்யிறது? ஒவ்வொரு வருசமும் முதலிலேயிருந்து அளக்க வேணுமோ?

#14 தடம்பார்ப்பவர்

வேண்டாம். விழா முடிந்ததும் இரண்டு மைய முளையையும் நான்கு மூலை முளையையும் பிடுங்காமல், தலை தரைக்கு 10 செ.மீ கீழே போகும்வரை அடித்து மண் மூடிவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டு ஒரு முளையும் இருக்கக் கூடாது, விளையாடும் பிள்ளை விழுந்தால் ஆபத்து. மூடும் முன் ஒவ்வொரு மைய முளைக்கும் பள்ளிக் கட்டடத்தின் இரண்டு மூலையிலிருந்து தூரம் அளந்து, படம் வரைந்து, டிராக் ஆரத்தையும் நாண் அளவுகளையும் அதே தாளில் எழுதி விளையாட்டு அறைப் பதிவேட்டில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு இரண்டு டேப்பை அந்த மூலைகளிலிருந்து இழுத்து, சந்திக்கும் இடத்தில் தோண்டினால் முளைத் தலை தட்டுப்படும். மரத்திலிருந்து அளக்காதீர்கள், மரம் பருக்கும்.